தென்கிழக்கு ஜொகூரும் கைத்தொழில் பயிற்சியும்

ஜொகூர் மாநிலத்தில், கூலாயை அடுத்த செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பண்டார் தெங்காரா, துறைமுகமாகவோ சந்தையாகவோ தானே வளர்ந்த ஊரன்று. சுருக்கமாகக் 'கெஜோரா' எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் 1972-இல் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட பின், காடு திருத்திக் குடியேற்றப்பட்ட புதுநகரங்களுள் அதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்துவரும் தெரு என்று எதுவும் இத்தகைய ஊருக்கு வாய்ப்பதில்லை. ஆகவே குடும்பத்தின் துணைவருமானத்துக்கென ஒரு கைத்தொழிலை இங்கு வேரூன்றச் செய்வதானால், அதை அரசு அமைப்புகளே கற்பிக்க வேண்டியிருந்தது. அவ்வமைப்புகள் பின்பற்றிய முறைகளுட் சில கடல் கடந்து வந்தவை.

தொழில்நுட்பம் எல்லை கடப்பது மலாய்த் தீபகற்பத்துக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கட்டம்போட்ட கைலிகள் நூற்றாண்டுகளாக மலாய்த் துறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன; துணியில் மெழுகு ஒற்றிச் சாயம் தோய்க்கும் பாத்தேக் தொழிலின் செப்பு அச்சு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜாவாவிலிருந்து கிளந்தானுக்கும் திரங்கானுவுக்கும் வந்து சேர்ந்தது. இவற்றுக்குப் பாடத்திட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. வணிகனும் கைவினைஞனும் போன வழியே தொழிலும் போயிற்று.

உள்ளூர்த் தொழில்களிலும் கற்க வேண்டியது மிகுதி. தாழை இனத்தைச் சேர்ந்த மெங்குவாங் என்னும் செடியின் ஓலையால் பாய் முடைவதை எடுத்துக்கொண்டால், ஓலையை வெட்டி ஓர முள்ளைச் சீவி, அனலில் வாட்டி, சீப்புப் போல் வரிசையாகக் கூர்முனைகள் பதித்த 'ஜங்கா' என்னும் கருவியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழித்து, மூங்கில் துண்டால் உருவி மென்மையாக்கி, நீரில் ஊறவைத்து வெயிலில் வெளுக்கச் செய்து, தேவையானால் சாயத்தில் கொதிக்கவைத்த பிறகே முடைதல் தொடங்கும். தமிழகத்துக் கோரைப்பாய் நெசவைப் போலவே இதிலும் உழைப்பின் பெரும்பகுதி முடைவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. விலை பேசுகிறவர் கண்ணுக்கு அந்த உழைப்பு தெரிவதில்லை. மெங்குவாங் விரும்பி வளரும் ஈரநிலங்களில் வடிகால் வெட்டிப் பயிரிட்டால் மூலப்பொருளும் அருகிவிடும். மேம்பாட்டுத் திட்டமும் கைத்தொழில் திட்டமும் ஒன்றையொன்று குறுக்கிடக்கூடிய இடம் இது.

நாட்டுப்புறத் தொழிலை அரசு கையிலெடுத்தது 1950-இல், ஜொகூரின் முன்னாள் மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்) டத்தோ ஓன் ஜாஃபார் தலைமையேற்ற 'ரீடா' என்னும் கிராமப்புறத் தொழில் வளர்ச்சி அமைப்பு தோன்றியபோதாகும். அது 1966-இல் 'மாரா' என மாற்றியமைக்கப்பட்டது. 1979-இல் கைவினைக்கெனத் தனியே மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் சட்டப்படி உருவாயிற்று.

அதே 1979-இல்தான் ஜப்பானின் ஓயித்தா மாகாண ஆளுநரான மொரிஹிக்கோ ஹிராமாட்சு 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முன்னோடி, அம்மாகாணத்தின் ஓயாமா என்னும் மலைக்கிராமம். நெல்லுக்கு ஏற்ற சமநிலம் இல்லாத அவ்வூரார், அரசு நெல்லை ஊக்குவித்துக்கொண்டிருந்த 1961-இலேயே பிளம் மரமும் கஷ்கொட்டை மரமும் நட்டு, அந்த வருமானத்தில் ஹவாய்க்குப் போவோம் என்பதையே முழக்கமாகக் கொண்டனர். வெறும் முழக்கமாக அது நின்றுவிடவில்லை. ஊரார் உண்மையாகவே வெளிநாடு சென்றனர், இளைஞர்கள் இஸ்ரேலின் கூட்டுப்பண்ணைகளான கிபுட்ஸ்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். பழத்தைப் பழமாக விற்காமல் ஊறுகாயாகவும் மதுவாகவும் பதப்படுத்தி ஊரின் பெயரிலேயே விற்பதுதான் ஓயாமாவின் வழி. பின்னர் தாய்லாந்து 2001-இல் இதையே தேசியத் திட்டமாக்கியது. மலேசியாவில் 'ஒரு மாவட்டம், ஒரு தொழில்' என்னும் வடிவில் அது வேரூன்றியது.

இந்தப் பெயர்ச்சியில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். ஓயாமாவில் எதைச் செய்வது என்று முடிவெடுத்தவர்கள் ஊரார். தென்கிழக்காசியாவில் அமைச்சும் வாரியமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. முத்திரையும் பொதியுறையும் கண்காட்சிக் கடையும் எளிதில் எல்லை கடந்தன. ஓர் ஊர் தானாகக் கூடி முடிவெடுக்கும் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பாலும் ஏற்றுமதி செய்ய இயலவில்லை. பயிற்சி ஒரு திசையில் மட்டும் நகரவும் இல்லை: பயிற்சி பெறும் நாடாக இருந்த மலேசியா, 1980 செப்டம்பரில் புதுதில்லியில் நடந்த காமன்வெல்த் வட்டார மாநாட்டின்போது தன் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கி, பிற வளரும் நாடுகளுக்குப் பயிற்சி அளிக்கும் நாடாகவும் ஆயிற்று.

இவ்வரலாற்றில் தோட்டத் தமிழர் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர். ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் தனியார் உடைமை என்பதால் அங்கு வாழ்ந்தோர் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் வரம்புக்குள் நெடுங்காலம் வரவில்லை. மலாய்க் கம்பங்களும் (சிற்றூர்களும்), 'பெல்டா' எனப்படும் அரசு நில மேம்பாட்டு வாரியத்தின் குடியேற்றங்களுமே 'கிராமம்' எனக் கணக்கிடப்பட்டன. எனினும், சிலாங்கூர் மாநிலத்தின் குவாலா சிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்க் குயவர் குடும்பங்கள், முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலை வீட்டுக்குள்ளேயே கற்பித்து, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் விளக்கும் தைப் பொங்கலுக்குப் பானையும் வனைந்து விற்றுவருகின்றன. ஆண்டுதோறும் மார்கழியில் அப்பானைகள் நாட்டின் பல நகரங்களுக்கும் லாரியில் போகின்றன.