எம்ஷர் ஆறு: ஊர்கள் கூடிக் கெடுத்ததும் கூடி மீட்டதும்



ஓர் ஊரில் பெய்யும் மழைநீர் அடுத்த ஊரின் வழியாகவே வெளியேறுகின்றது. ஆகவே வெள்ளத்தையும் கழிவுநீரையும் எந்த ஊரும் தனித்து நின்று வெல்ல இயலாது. ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றங்கரை நகரங்கள் இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உணர்ந்தன. அவ்வரலாற்றை நாம் அறிந்திருப்பது பயனுள்ளதாகும்.

டார்ட்மண்ட் நகருக்கருகே தோன்றி ரைன் நதியில் கலக்கும் எம்ஷர், ஒரு காலத்தில் வயல்களினூடே வளைந்து சென்ற சிற்றாறு. பின்னர் அங்கே நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் பெருகின, மக்கள்தொகையும் பெருகியது. பூமிக்கடியில் கரி வெட்டப்பட்டதால் மேல்நிலம் தாழ்ந்து, ஆற்றின் வாட்டம் கெட்டது. மழை பெய்தால் கழிவு கலந்த நீர் குடியிருப்புகளில் தேங்கி, டைபாய்டு, காலரா போன்ற நோய்கள் பரவின. ஒவ்வோர் ஊரும் தன் கழிவை ஆற்றில் விட்டுக் கீழேயுள்ள ஊரின் தலையில் சுமத்தியது.

இந்நிலையில் நகரங்களும் சுரங்க நிறுவனங்களும் ஆலைகளும் 1899 டிசம்பர் 14 அன்று போகும் நகரில் ஒன்றுகூடி, எம்ஷர் கூட்டமைப்பை நிறுவின. 1904இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. செலவை உறுப்பினர்கள் தத்தம் பங்குக்கேற்ப ஏற்றனர். ஆற்றை நேராக்கிக் கரை உயர்த்தினர்; தாழ்நில நீரை இறைக்கப் பம்பு நிலையங்கள் அமைத்தனர். நிலம் தாழ்ந்துகொண்டே இருந்தமையால் புதைகுழாய்கள் உடைந்துவிடும் என்று கருதி, ஆற்றையே திறந்த சாக்கடையாக்கினர். வெள்ளமும் நோயும் தணிந்தன. ஆனால் ஆறு மாண்டது. துர்நாற்றம் வீசிய கால்வாயை வேலியிட்டு மறைத்து, மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

சுரங்கத் தொழில் அப்பகுதியை விட்டு விலகி நிலம் நிலைபெற்றபின், அதே கூட்டமைப்பு 1992 முதல் மறுசீரமைப்பைத் தொடங்கிற்று. 51 கி.மீ. நீளமுள்ள பெருங்குழாய் உட்பட, 400 கி.மீ.க்கும் மேற்பட்ட புதைகுழாய்கள் பதிக்கப்பட்டன. 2005இல் நகரங்கள் மற்றுமோர் உடன்பாடு கண்டன: கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீரில் 15 விழுக்காட்டை 15 ஆண்டுகளில் சாக்கடையினின்றும் பிரித்து, மண்ணிலும் ஓடைகளிலும் சேர்ப்பதென்பதே அது. சுமார் 550 கோடி யூரோ செலவில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் எம்ஷர் கழிவுநீரினின்றும் விடுதலை பெற்றது.

கூடிச் செயல்பட்டால் மட்டும் போதும் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆற்றைச் சாக்கடையாக்கியதும் கூட்டு முயற்சியே. அதனை மீட்டதும் கூட்டு முயற்சியே. அன்று அவசரத்திற்குக் கண்ட வழியின் கடனைப் பேரப்பிள்ளைகள் 30 ஆண்டுகள் உழைத்து அடைத்தனர். மேட்டுத்தெருவின் நீர் பள்ளத்தெருவில் தேங்குமானால் அது இரு தெருவாரின் பொறுப்பே. வடிகால் பற்றிப் பேசக் கூடும்போதெல்லாம், தண்ணீர் இங்கிருந்து போனால் போதுமா, எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா என்று நாம் கேட்டுக்கொள்ளுதல் நலம்.