சோர்வை வென்ற சீகன்பால்க்

தமிழ் அச்சு வரலாறு என்றதும் சீகன்பால்க் பெயர் நினைவுக்கு வரும். அவர் பட்ட பாடு தெரியுமா?

ஜெர்மனியில் பிறந்த இந்தச் சமயத் தொண்டர் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடி வந்தார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகள் அவரை வரவேற்கவில்லை. அவரோ திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் எழுதித் தமிழ் படித்தார்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே ஆளுநர் ஹாசியஸ் அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நாலு மாதம்! வெளியே வந்ததும் என்ன செய்தார்? விட்ட வேலையைத் தொடர்ந்தார்; 1711-இல் முடித்தார்.

அச்சிடுவதிலும் சிக்கல். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, காகிதம் போதவில்லை. 'இனி முடியாது'ன்னு விடாமல், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் நூல் முழுமையாக வெளிவந்தது.

1719-இல், 36 வயதில் அவர் மறைந்தபோது, பழைய ஏற்பாடு ரூத் வரைதான் முடிந்திருந்தது. மீதியை சூல்ட்சே முடித்தார்.

மாணவர்களே, தேர்வில் 'அவர் விடாமுயற்சி உள்ளவர்' என்று மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க. வந்த தடை என்ன, அடுத்து அவர் செய்த வேலை என்ன, இரண்டையும் சேர்த்து எழுதுங்க. அதுதான் சான்று.