தேறியவற்றின் பதிவு: வட்டப் பாதை ரயில் ஆய்வும் பைத்தான் சோதனை அறிக்கைகளும்

2016 ஆகஸ்டு தொடங்கி நவம்பர் வரை சிங்கப்பூர் எம்ஆர்டி வட்டப் பாதையில் ரயில்கள் சமிக்ஞை இழந்து அவசர பிரேக் பிடித்து நின்றதும், அரசின் தரவுக் குழுவினர் மூவர் பைத்தானில் அதற்கு விடை கண்டதும் துறையினர் அறிந்தவை. அந்த ஆய்வைக் காட்சிப்படத்தின் வெற்றியாக வாசிப்பதே இதுவரை வழக்கம். நேரத்தையும் நிலையத்தையும் இரு அச்சுகளில் இட்டு, 19ஆம் நூற்றாண்டின் பாரிஸ்–லியோன் ரயில் அட்டவணைப் படத்தைப் போல வரைந்தார்கள், சாய்கோடுகள் தெரிந்தன, குற்றவாளி ரயில் சிக்கியது என்று சொல்வார்கள். இந்த வாசிப்பு தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்விலிருந்து சோதனைத் தானியக்கம் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான ஒன்றை அது மறைத்துவிடுகிறது.

குழுவினர் தாங்களே வெளியிட்ட குறிப்பைச் சற்று நிதானமாகப் படிப்போம். அவர்கள் கையில் இருந்தவை நிகழ்வின் நேரம், இடம், பாதிக்கப்பட்ட ரயிலின் எண், அது போன திசை ஆகியவை மட்டுமே. தரவில் இருந்த ஒவ்வொரு வரியும் நின்றுபோன ஒரு ரயிலைப் பற்றியது. படத்தை வரைந்ததும் ஓர் ஊகம் பிறந்தது: எதிர்த்திசையில் போகும் ஏதோ ஒரு ரயில், தான் கடந்துபோகும் ரயில்களை நிறுத்திக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைப் பலரும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஊகத்தை நிரலாக எழுதினார்கள். நேரத்திலும் இடத்திலும் பொருந்தி வரும் நிகழ்வுகளை இணை இணையாக எடுத்து, இணைந்தவற்றை ஒரே கொத்தாகத் திரட்டினார்கள். ஒவ்வொரு நிகழ்வும் ‘விளங்கியது’, ‘விளங்கவில்லை’ என்ற இரண்டில் ஒன்றாயிற்று. 259 நிகழ்வுகளில் 189, அதாவது 73 விழுக்காடு, விளங்கின.

இதைச் சோதனை என்று அழைக்கலாமா, ரயில் என்ன மென்பொருளா என்று கேட்பவர்கள் உண்டு. வட்டப் பாதையில் ஓட்டுநர் இல்லை. வண்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் கட்டுப்பாட்டு மென்பொருள்தான். உள்ளீடும் விதியும் தீர்ப்பும் இருக்கின்றன. அந்த ஐயத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கனமான கேள்வி 73 என்ற எண்ணைப் பற்றியது. கூட்டமான பாதையில் நிகழ்வுகள் நெருங்கி நெருங்கி விழும்போது, தற்செயலாகவே சில கொத்துகள் சேரும். நிகழ்வு நேரங்களைக் குலுக்கிப்போட்டு அதே நிரலை ஓட்டினால் எவ்வளவு சேரும் என்பதற்கு 73 தானாகப் பதில் சொல்லாது. விதியின் வரம்புகளும் அதே தரவைப் பார்த்த கண்களால் வகுக்கப்பட்டவை. குழுவினரும் அந்த எண்ணைத் தீர்ப்பாக முன்வைக்கவில்லை. சரியான வழியில்தான் போகிறோம் என்ற தெம்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே குறிப்பில் இன்னொரு கவனிப்பும் உண்டு, நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்: ஊகிக்கப்பட்ட ரயில் அவர்களுடைய புள்ளிகளில் எங்குமே வரவில்லை. அதற்கு எந்தச் சிக்கலும் நேரவில்லை. எனவே அது தரவிலும் இல்லை.

ஆகவே அந்த ரயிலை அடையாளம் காண நிரல் உதவவில்லை. ரயில்களின் விரிவான பதிவுகளை எடுத்துத் தர அவகாசம் தேவைப்பட்டதால், கிம் சுவான் பணிமனையில் அமர்ந்து, நிலையங்களுக்கு ரயில்கள் வந்துபோன காணொளிகளைக் கண்ணால் பார்த்தார்கள். அதிகாலை 3 மணியளவில் பிவி46 அகப்பட்டது. 2015 முதல் ஓடிவந்த வண்டி அது. நவம்பர் 6 ஞாயிறன்று நெரிசலற்ற நேரத்தில் அதை ஓட்டிப் பார்த்தபோது அருகிலிருந்த ரயில்கள் நின்றன. மறுநாள் பிவி46இன் பழைய இருப்பிடப் பதிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதும், ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான நிகழ்வுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் விளங்கிவிட்டன.

73க்கும் 95க்கும் கணக்கிட்ட முறை வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து எண்ணாகச் சொல்வது முறையாகாது. ஆயினும் அந்த ஏற்றம் மேலான படத்தால் வந்ததில்லை. தோற்றவற்றின் பட்டியலோடு தோற்காத ஒன்றின் பதிவும் சேர்ந்ததால் வந்தது.

பைத்தான் சோதனைகளில் இதே அமைப்பு அன்றாடம் காணக் கிடைக்கிறது. ஒரு சோதனை பொது மாறி ஒன்றையோ தற்காலிகக் கோப்பையோ மாற்றிவைத்துவிட்டுத் தான் தேறிவிடும். பின்னால் ஓடும் இன்னொன்று தோற்கும். 22,352 பைத்தான் திட்டங்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் நிலையற்ற சோதனைகளில் 59 விழுக்காட்டுக்கு ஓட்ட வரிசையே காரணம் என்று கண்டது. குற்றம் செய்த சோதனைக்குப் பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்டின் திரையில் கிடைப்பது ஒரு புள்ளி. பாதிக்கப்பட்டதற்கோ ‘எஃப்’ என்ற எழுத்தும் பக்கம் பக்கமாகப் பிழைத்தடமும். பல செயல்முறைகளில் பிரித்து ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் செருகியைச் சேர்த்துவிட்டால், எந்தச் சோதனை எதற்கு முன் எந்தச் செயல்முறையில் ஓடியது என்பதை இறுதி அறிக்கையிலிருந்து மீட்பதும் கடினம். தோற்றதை மட்டும் மறுபடி ஓட்டும் செருகியை மருந்தாகப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நின்ற ரயிலை மீண்டும் கிளப்பிவிட்டுப் பிவி46ஐப் பாதையிலேயே விட்டுவைப்பதற்கு அது ஈடு.

தேறியவற்றையும் பதிவுசெய்தால் வேகம் குறையும், கோப்பு பெருகும் என்ற மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. தேறிய சோதனைக்கு ஒரு வரி கூடுதலாக எழுதுவதால் எந்தச் சேவையகமும் சாய்ந்ததில்லை.

என் முடிவு குறுகியது. வரிசையைக் குலுக்கும் ரேண்டம்லி செருகியைப் பயன்படுத்துங்கள். அது தலைப்பில் அச்சிடும் விதை எண்ணைத் திரையோடு விட்டுவிடாமல் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்பிலும் ஏற்றுங்கள். எக்ஸ்டிஸ்ட் இல்லாமல் ஓட்டும்போது பைடெஸ்டின் ‘ரெக்கார்டு டெஸ்ட்சூட் ப்ராபர்ட்டி’ ஃபிக்ஸ்சர் அதற்கு உதவும். தோற்ற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே செயல்முறையில் அதற்கு முன் ஓடித் தேறியவற்றின் பெயர்களையும் அச்சிடுங்கள். அவை இல்லாத அறிக்கையை வைத்து வரிசைச் சார்பு இல்லை என்று எவரும் தீர்ப்பு எழுத இயலாது.