சந்தை வெளியில் நின்றவர்கள்

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையைத் திருப்பலியில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பொழுது சாயும் நேரத்தில் சந்தை வெளியில் நின்றவர்களை நோக்கி நிலக்கிழார் காரணம் வினவுகிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் தந்த மறுமொழி. அவர்கள் சோம்பி நின்றவர்கள் அல்லர், அழைப்பாரின்றி நின்றவர்கள். 2020-ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடு முழுவதுமே அத்தகையதொரு சந்தை வெளியாயிற்று. அப்போது அந்நாடு தன் தொழிலாளர்க்குச் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரலாற்றின் ஒளியில் எண்ணிப் பார்ப்போம்.

நூறாண்டுகளுக்கு முன், 1918-இல் பரவிய விஷக் காய்ச்சல் அந்நாட்டில் ஏறத்தாழ 6,75,000 உயிர்களைப் பறித்தது. அன்று கூலியிழந்தவர்க்குச் சட்டம் வழங்கிய உதவித்தொகை ஏதுமில்லை. பிரித்தானியாவில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சில தொழில்களுக்கேனும் வேலையிழப்புக் காப்பீடு தந்திருந்தது. அமெரிக்கத் தொழிலாளிக்கோ உறவினரும் சங்கமும் கோயிலுமே புகலிடம்.

இக்குறையை உணர்ந்தவர்களுள் நம் திருச்சபையினரும் இருந்தனர். தொழிலாளரின் நியாயமான ஊதியத்திற்காகத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுப்பிய குரல் கடல் கடந்தும் ஒலித்திருந்தது. 1919 பிப்ரவரி 12 அன்று அமெரிக்க ஆயர்களின் சார்பில் சமூக மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று வெளியிடப்பட்டது. அருள்பணி ஜான் ரயன் வரைந்த அவ்வறிக்கை, நோய், இயலாமை, முதுமை ஆகியவற்றோடு வேலையிழப்புக்கும் காப்பீடு வேண்டும் என்றது. அதில் சமவுடைமை வாடை வீசுவதாகக் குறை கூறியோரும் உண்டு. ஆனால், 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி பலருடைய மனத்தை மாற்றியது. 1932-இல் விஸ்கான்சின் மாநிலம் முதற்சட்டத்தை இயற்றியது. 1935 ஆகஸ்டு 14 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் உருவாக்கத்தில் தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையாருக்குப் பெரும் பங்குண்டு.

வேலை கொடுப்போர் செலுத்தும் வரியால் நிதி திரட்டி, மாநிலங்கள் வழியாக உதவித்தொகை வழங்குவது அச்சட்டத்தின் ஏற்பாடு. மிகுதியாக ஆள்குறைப்புச் செய்யும் நிறுவனத்திற்கு வரியும் மிகும். நல்ல ஏற்பாடுதான். எனினும், பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் வெளியே நிறுத்தப்பட்டனர். கறுப்பின உழைப்பாளரில் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத் திருத்தங்கள் கதவைச் சிறிது அகலத் திறந்தன. சொந்தத் தொழில் செய்வோர் மட்டும் 2020 வரை உள்ளே வரவில்லை.

கொரோனா பெருந்தொற்று வந்தது. பிப்ரவரியில் 3.5 விழுக்காடாக இருந்த வேலையின்மை, ஏப்ரலில் 15 விழுக்காட்டை நெருங்கியது. மார்ச் 27-இல் நிறைவேறிய அவசரச் சட்டம், வழக்கமான உதவித்தொகையோடு வாரந்தோறும் 600 டாலர் கூட்டி வழங்கியது. வாடகை வண்டி ஓட்டுநர், முடிதிருத்துவோர், மேடைக் கலைஞர் போன்ற தனித் தொழிலாளருக்கும் முதன்முறையாகக் கதவு திறந்தது.

வேலை கொடுப்போரையும் அச்சட்டம் கைவிடவில்லை. ஊழியரைத் தொடர்ந்து பேணும் சிறு நிறுவனங்களுக்குத் தள்ளுபடியாகக் கூடிய கடனாக 34,900 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அத்தொகை இரண்டே வாரங்களில் தீர்ந்துபோனதால் மீண்டும் ஒதுக்க நேர்ந்தது. ஆள்களை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பகிர்ந்துகொண்ட நிறுவனங்களில், குறைந்த ஊதியத்தின் ஒரு பகுதியை அரசே ஈடு செய்தது. தொழிலாளியும் முதலாளியும் ஒருவரையொருவர் இழந்துவிடாமல் காக்கும் முயற்சி இது.

குறைகள் இல்லாமல் இல்லை. பல மாநிலங்களின் கணினிகள் 1960-களின் கோபால் மொழியில் இயங்கின. அவற்றால் ஒவ்வொருவரின் ஊதியத்திற்கேற்பத் தொகையைக் கணக்கிட இயலாது என்பதாலேயே அனைவருக்கும் ஒரே 600 டாலர் என முடிவாயிற்று. அதனால், குறைந்த கூலி பெற்றோர் பலருக்கு வேலை செய்த நாள்களைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. வேலைக்குத் திரும்ப மாட்டார்கள் என்று பலர் கடிந்துகொண்டனர். அவர்களின் பழைய கூலி ஏன் அத்துணைக் குறைவாக இருந்தது என வினவியோர் சிலரே. மோசடியால் 10,000 கோடி டாலருக்கும் மேல் பறிபோனதாக அரசின் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதோர்க்கு இவ்வுதவி மறுக்கப்பட்டது. ஊரடங்கிலும் காய்கறி பறித்து, இறைச்சி அறுத்து, நாட்டுக்கு உணவளித்தவருள் அவர்களும் இருந்தனர். அவர்களுள் பலருடைய ஊதியத்தின்மீது நிறுவனங்கள் காப்பீட்டு வரி செலுத்தியும் இருந்தன. கலிபோர்னியா 2020-இல் அத்தகையோர் 1,50,000 பேருக்குத் தலா 500 டாலர் வழங்க முன்வந்தது. நியூயார்க் 2021-இல் 210 கோடி டாலர் ஒதுக்கியது. பிற மாநிலங்களில் பெரும்பாலானவை வாளாவிருந்தன. 2021 செப்டம்பர் 6-இல் கூட்டாட்சி அரசின் தனி உதவிகள் முடிவுற்றபோது, தனித் தொழிலாளருக்குத் திறந்த கதவும் மூடிக்கொண்டது.

வேலையற்றோர்க்கு உதவுவது கடமை என்றும், உயிர்வாழும் உரிமையில் அக்கடமை வேர்கொண்டுள்ளது என்றும் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். தெருவோர வணிகருக்கும் முறைசாராத் தொழிலாளருக்கும் அடிப்படை வருவாய் பற்றி எண்ணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2020 உயிர்ப்புப் பெருவிழாவன்று எழுதிய மடலில் கேட்டார். இருவரும் பேசியது இரக்கத்தை மட்டுமன்று, நீதியை.

1919-இல் கனவாகத் தோன்றியது 1935-இல் சட்டமாயிற்று. 1935-இல் மறுக்கப்பட்டது 2020-இல் சில மாதங்களுக்கேனும் கைகூடியது. முடியாது என்பார் சொல் நிலைப்பதில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று. உவமையின் நிலக்கிழார் கடைசி மணிநேரத்தில் வந்தவரையும் வெறுங்கையாய் அனுப்பவில்லை. அவருடைய வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். யார் தொழிலாளி என்று வரையறுக்கச் சட்டம் அமரும்போதெல்லாம், சந்தை வெளியில் இன்னும் யாரேனும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது நம் கடமையாகும்.