ரிசாலின் ஐரோப்பியக் கல்வியும் மொர்கா நூற்பதிப்பும்

அயல்நாடு சென்று பயின்றோரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் பெற்ற பட்டங்களையும் கண்ட நகரங்களையும் எண்ணிக் கூறி அமைவர். பிலிப்பைன் தீவுகளில் தோன்றிய ஹோசே ரிசாலின் (1861-1896) வரலாறும் பெரிதும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துளது. அவர் கண் மருத்துவர், நாவலாசிரியர், ஸ்பானிய அரசால் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பன பலரும் அறிந்தவை. அவர் ஒரு பதிப்பாசிரியர் என்பது அத்துணை அறியப்படவில்லை. 1609இல் மெக்சிகோவில் அச்சான ஸ்பானிய வரலாற்று நூலொன்றை அவர் குறிப்புரையுடன் மறுபதிப்பாக வெளியிட்டார். அவருடைய ஐரோப்பியக் கல்வியின் முதிர்ந்த பயன் அப்பதிப்பே என்பது நம் கருத்து. ஆதலின் அதன் நிறையையும் குறையையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.

1882 மே 3ஆம் நாள் ரிசால் மணிலாவினின்றும் கப்பலேறினார். அவர் புறப்பட்டதைப் பெற்றோர் அறியார். தமையனார் பாசியானோவே பொருளுதவி அனுப்புவதாக ஏற்றுக்கொண்டார். 1872இல் கொலைத்தண்டம் பெற்ற பாதிரியார் புர்கோசின் இல்லத்தில் வாழ்ந்து பயின்றவர் பாசியானோ. தம்பியை அனுப்பியதில் கல்விக்கு மேற்பட்ட நோக்கமும் அவருக்கு இருந்திருத்தல் கூடும். சிங்கப்பூரில் கப்பல் மாறி, காலி, கொழும்பு ஆகிய இலங்கைத் துறைகளைக் கண்டு, சூயஸ் வழியாக ரிசால் ஐரோப்பாவை அடைந்தார். சிங்கப்பூரினும் மணிலாவினும் கொழும்பே அழகியதென அவர் குறித்துள்ளார்.

மத்ரிதுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தையும், தத்துவம், இலக்கியம் ஆகியவற்றையும் ஒருங்கே பயின்றார். கலாம்பாவில் அவர் குடும்பத்தார் உழுத நிலம் தொமினிக்கன் துறவியர்க்கு உரியது, இவர்கள் குத்தகையாளர். விளைச்சல் குன்றிய காலங்களில் மத்ரிதுக்குப் பணம் வருவதும் தாழ்ந்தது. 1884 ஜூன் 25ஆம் நாள் காலை உணவுக்கும் வழியின்றி வகுப்பிற்குச் சென்ற ரிசால், அன்று நடந்த கிரேக்க மொழிப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அன்றிரவே, ஓவியப் போட்டியில் பரிசு பெற்ற தம் நாட்டினர் ஹுவான் லூனா, இதால்கோ ஆகிய இருவரையும் பாராட்டி நிகழ்ந்த விருந்தில் சொற்பொழிவாற்றினார். அறிவாற்றலுக்கு இனவேறுபாடில்லை என்னும் கருத்துப்பட அவர் பேசிய அப்பேச்சே மணிலாவில் அவருக்குப் பகைவரைத் தேடித் தந்தது. 1884இல் மருத்துவத்திலும், 1885இல் தத்துவம், இலக்கியம் ஆகியவற்றிலும் உரிமப் பட்டம் பெற்றார். மருத்துவத்தில் டாக்டர் பட்டம் அவருக்குக் கைகூடவில்லை.

பாரிஸில் வெக்கரிடமும் ஹைடல்பர்க்கில் பெக்கரிடமும் கண் மருத்துவம் பயின்றதை ஈண்டு விரித்தல் வேண்டா. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது, செருமானிய நாட்டில் அவர் பெற்ற மற்றொரு பயிற்சி. 1886 ஜூலை 31ஆம் நாள், பொகீமியாவில் லைட்மெரிட்ஸ் என்னும் சிற்றூரில் ஆசிரியராயிருந்த பெர்தினாந்து புளூமென்ட்ரிட்டு என்பார்க்கு ரிசால் செருமானிய மொழியில் ஒரு மடல் எழுதினார். ஸ்பானியமும் தகலோகும் விரவிய கணித நூலொன்றையும் உடன் விடுத்தார். புளூமென்ட்ரிட்டு பிலிப்பைன் தீவுகளை ஒருகாலும் கண்டவரல்லர். ஆயினும் அந்நாட்டு மக்களையும் மொழிகளையும் பற்றி அக்காலத்தில் அவரினும் மிகுதியாக எழுதியோர் சிலரே. பெர்லினில் யாகோர், பிர்ச்சோ முதலிய அறிஞரின் தொடர்பும் ரிசாலுக்குக் கிட்டியது. 1887 ஏப்ரலில் அந்நகரத்து மானிடவியல் கழகத்தில் தகலோகு மொழியின் யாப்பைப் பற்றிச் செருமானிய மொழியில் ஒரு கட்டுரை படித்தார். மணிலாவில் அவர் பயின்ற பள்ளியின் பயிற்றுமொழி ஸ்பானியமே. தாய்மொழியின் செய்யுளமைதி அறிஞர் அவையில் ஆராய்தற்குரிய பொருளாதலை அவர் வேற்று நாட்டிலேயே கண்டார். ஷில்லரின் வில்லியம் டெல் நாடகத்தைத் தகலோகில் பெயர்த்ததும் இக்காலத்திலேயாம். 1887 மார்ச்சில் அவருடைய முதல் நாவலாகிய நோலி மே தாங்கெரே பெர்லினில் 2,000 படிகள் அச்சாயிற்று. அச்சுக்கூலிக்குரிய 300 பெசோவை நண்பர் வியோலா கடனாகத் தந்தார்.

அவ்வாண்டு தாயகம் மீண்டவர் நெடுநாள் தங்கவியலாது, 1888 மே மாதத்தில் இலண்டன் சேர்ந்தார். இந்தியா ஆபிஸ் நூலகத்தின் தலைவராக அப்பொழுது விளங்கியவர் ரைன்ஹோல்டு ரோஸ்ட்டு. தமிழ்ச் சுவடிகளும் அச்சு நூல்களும் பல்கியிருந்த அந்நூலகம் நம் ஆராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. 1982இல் அது பிரித்தானிய நூலகத்தின் பொறுப்பில் வந்தது. மலாய் முதலிய கீழை மொழிகளில் வல்லவராகிய ரோஸ்ட்டு, ரிசாலைப் பிரித்தானியக் காட்சிச்சாலையின் படிப்பகத்திற்கு அறிமுகம் செய்தார். குரங்கும் ஆமையும் பற்றிய தகலோகுக் கதையை ஜப்பானியக் கதையொன்றுடன் ஒப்பிட்டு ரிசால் எழுதிய கட்டுரை 1889இல் துரூப்னர் இதழில் வெளிவந்தது.

அப்படிப்பகத்தில்தான் மொர்காவின் நூல் அவர் கைக்கு எட்டியது. அந்தோனியோ தெ மொர்கா (1559-1636) துணை ஆளுநராகவும் நீதிபதியாகவும் மணிலாவில் இருந்தவர். பிலிப்பைன் வரலாற்றை எழுதிய பிற ஸ்பானியருட் பெரும்பாலோர் சமயத் துறவியர். மொர்காவோ அரசு அலுவலர். புதுமைகளையும் அற்புதங்களையும் விடுத்து, கண்டதும் ஆவணங்களால் அறிந்ததும் கூறுபவர் அவர். ரிசால் அவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. 1868இல் ஹாக்லூயித்துக் கழகம் வெளியிட்ட ஸ்டான்லி பிரபுவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்பொழுது இருந்தது. எனினும் ரிசால் மூல நூலையே கைப்படப் படியெடுத்தார். பிகாபெத்தா, கொலின், சான் அகுஸ்தின் முதலியோர் நூல்களையும் உடன்வைத்து ஒப்புநோக்கினார். நாட்டின் இற்றை நிலையை நாவலில் வரைய முற்பட்ட தமக்கு, முன்னை நிலையை முதற்கண் காட்டுதல் வேண்டுமெனப் புலப்பட்டது என்று பதிப்பின் முகப்பில் அவர் உரைக்கின்றார். அம்முகப்புரை 'பிலிப்பினோக்களுக்கு' என விளித்து எழுதப்பட்டது. ஆளுவோர் அந்நாட்டு மக்களை 'இந்தியோ' என்றே அழைத்து வந்தனர். 'பிலிப்பினோ' என்பது அத்தீவுகளிற் பிறந்த ஸ்பானியர்க்கே அந்நாளில் பெரிதும் வழங்கிற்று. ஒரு பெயரை உரியார்க்கு மீட்டளித்த இச்செயல் குறிப்புரைகள் பலவற்றினும் பெரிது.

குறிப்புரைகளுள் ஒன்றைக் காட்டுதும். தீவினர் மீனை அழுகத் தொடங்கிய பின்னரே விரும்பி உண்பர் என்பது மொர்காவின் கூற்று. இதற்குக் குறிப்பெழுதும் ரிசால், பாகோங் என்னும் பதப்படுத்திய மீனுணவைக் கருதியே மொர்கா அவ்வாறு மயங்கினார் எனவும், அது அழுகியதன்று எனவும், பழகாத பிற மக்களின் உணவை அருவருத்தல் ஸ்பானியர்க்கும் ஏனையோர்க்கும் பொதுவான இயல்பே எனவும் விளக்குகின்றார். இஃது உண்டு வளர்ந்தவன் எழுதும் குறிப்பு. எந்த ஐரோப்பியப் பதிப்பாசிரியராலும் எழுதவொண்ணாதது. மற்றொருவகைக் குறிப்புகளும் உள. தீவினர் பெருங்கலங்கள் கட்டிய திறத்தை மொர்கா கூறுமிடத்து, அத்தொழில் பின்னர் அழிந்ததைச் சுட்டி, அவ்வழிவுக்கு ஸ்பானிய ஆட்சியையே ரிசால் பொறுப்பாக்குகின்றார். மொர்கா காட்டுவது முற்பட்ட நிலை மட்டுமே. அழிவின் காரணம் குறிப்புரையாசிரியரின் துணிபு.

இக்குறையை முதலிற் சுட்டியவர் பகைவரல்லர், புளூமென்ட்ரிட்டே. தாம் எழுதிய முன்னுரையில், முற்காலத்தாரின் செயல்களை இக்கால அளவுகோலால் அளப்பதும், தனியொருவர் தவறுகட்காகச் சமயத்தையே சாடுவதும் பொருந்தா என அவர் கடிந்தார். தம்மைக் கடியும் அம்முன்னுரையைத் தம் பதிப்பிலேயே ரிசால் அச்சிட்டார். நட்பிற்கு அன்றி ஆராய்ச்சி நெறிக்கே இஃது எடுத்துக்காட்டு. ஆனால் இலோக்கானோ அறிஞர் இசபெலோ தெ லோஸ் ரேயெஸ், நாட்டுப்பற்று ரிசாலின் நடுநிலையை மறைக்கின்றது என எழுதியபொழுது, அப்பொறுமை காணப்படவில்லை. 1890இல் லா சொலிதாரிதாத் இதழில் ரிசால் கடுமையாக விடையிறுத்தார். இசபெலோவின் கூற்றில் உண்மை உண்டென்பதே நம் துணிபு.

எனினும் ரிசாலின் இடர்ப்பாட்டையும் எண்ணுதல் வேண்டும். தீவினருள் ஆடவரும் பெண்டிரும் ஏறக்குறைய யாவரும் தம் எழுத்தால் எழுதுவர் என மொர்காவே கூறுகின்றார். அவ்வாறு மூங்கிலிலும் இலையிலும் எழுதியன எஞ்சவில்லை. தம் முன்னோரின் முகத்தை வென்றோரின் அலுவலர் எழுதிய ஏட்டிலன்றி வேறெங்கும் காண ரிசாலுக்கு வழியில்லை. 1980களின் இறுதியில், அவர் பிறந்த லகூனா மாநிலத்திலேயே செப்பேடு ஒன்று வெளிப்பட்டது. சக ஆண்டு 822 (கி.பி. 900) குறிக்கப்பெற்ற அது, கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யும் ஆவணம். பல்லவ எழுத்தின் வழிவந்த காவி எழுத்தில், வடசொற்கள் விரவிய பழைய மலாய் மொழியில் அமைந்தது. அந்தூன் போஸ்த்மா அதனைப் படித்து வெளியிட்டார். ஸ்பானியர்க்கு அறுநூறாண்டுகட்கு முன்னரே அங்கு எழுத்தும் வழக்காவணமும் இருந்தமை இதனாற் பெறப்படும். ரிசாலின் ஊகம் முழுமையும் இதனால் நிறுவப்படும் எனல் மிகை. ஆயினும் அவர் தேடியது இல்பொருளன்று.

அவர் பதிப்பின் நிலையான சிறப்பு வேறொன்றில் உள்ளது. தமக்கு உடன்பாடில்லாத இடத்தும் மொர்காவின் மூலத்தில் அவர் கைவைத்திலர். மறுப்பனைத்தும் அடிக்குறிப்பிலேயே நிற்கின்றது. ஆசிரியர் கூற்று இது, குறிப்புரையாளர் கூற்று இது எனப் பிரித்தறியக் கற்பார்க்கு இடரில்லை. நாவலில் சினத்திற்கு எல்லையிட வேண்டாதவர், பதிப்பில் அதற்கொரு கோடு கிழித்து அதன் கீழ் நிறுத்தினார். ஐரோப்பிய நூலகங்கள் அவருக்குக் கற்பித்தது இதுவே என்போம்.

அச்சிட முன்வந்த நண்பர் பின்வாங்கியதால், ரிசால் தாமே முயன்று பாரிஸில் கார்னியர் நிறுவனத்தின் வாயிலாக நூலை வெளியிட்டார். முகப்பில் 1890 என்றிருப்பினும் 1889இலேயே அது வெளிவந்தது. தாயகத்தில் அது தடைசெய்யப்பட்டமையால், யார்க்கென எழுதப்பட்டதோ அவருட் சிலரே அதனைக் கண்டனர். 1896 டிசம்பர் 30ஆம் நாள் ரிசால் கொல்லப்பட்டார். 1904இல் பிளேரும் ராபர்ட்சனும் தம் பெருந்தொகுதியின் 15, 16ஆம் பகுதிகளில் மொர்காவை ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது, ஸ்டான்லி பிரபுவின் குறிப்புகளோடு ரிசாலின் குறிப்புகளையும் பெயர் சுட்டி அடியில் அமைத்தனர்.