தொண்டை அடைப்பான்

டிப்தீரியா என்னும் தொற்றுநோயின் தமிழ்ப் பெயர். 'டிப்தெரா' என்றால் கிரேக்கத்தில் பதனிட்ட தோல். டான்சில் மேல் சாம்பல் நிறப் படலம் தோல்போல் படர்வதால், பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிரெத்தோனோ 1826இல் 'டிப்தெரீத்' என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் ட்ரூசோ அதை 'டிப்தெரீ' ஆக்கினார்.

கிரேக்கப் பெயர் தோற்றத்தைச் சொல்ல, தமிழ்ப் பெயர் விளைவைச் சொல்கிறது: அடைப்பு + ஆன். படலம் குரல்வளைக்கு இறங்கினால் மூச்சு அடைபடும். வெறும் 'அடைப்பான்' என்றால் கால்நடைகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸ். ஆகவே 'தொண்டை'யை விடக்கூடாது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள: சாதாரண டான்சில் அழற்சியின் வெண்படிவு எளிதில் துடைபடும், டிப்தீரியாப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும், உரித்தால் ரத்தம் கசியும். கிருமியின் நச்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும்.