ஐ.பி.எல். டிரேடும் எல்லைப்புற ரசிகர் வாதமும்

ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை ஏலத்துக்கு விடாமல் ஓர் ஐ.பி.எல். அணி இன்னோர் அணிக்கு நேராகக் கைமாற்றிக் கொடுப்பதுதான் வீரர் மாற்றம். ரசிகர் வாயில் அது 'டிரேடு'. பணத்துக்குக் கொடுக்கலாம், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். 2009-இல் ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்கும் ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கும் இடம் மாறியது இதன் தொடக்ககால உதாரணம். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒரே நேரத்தில் சூடாக்கிய டிரேடு 2025 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் ராயல்ஸின் கேப்டன் சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள்.

இந்த வாதத்தின் இரண்டு பக்கமும் கேட்கக் கூடிய ஊர் கம்பம்மெட்டு. இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தில், தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து ஏறும் மலைப்பாதையின் மேலே இருக்கும் சோதனைச்சாவடி ஊர் அது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, பொழுது சாயும்போது இறங்குகின்றன. டீக்கடையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். அருகே புற்றடியிலும் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. நல்ல சரக்கு வரும்போது கையில் காசு இல்லாத வியாபாரியின் நிலைமை என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

எல்லையின் இரு பக்கத்து ரசிகர்களும் ஒரே ஆட்டத்தைப் பார்த்தாலும் ஒரே கணக்கில் பார்ப்பதில்லை. கேரளத்துக்குச் சொந்த அணி கிடையாது. கொச்சி டஸ்கர்ஸ் 2011-இல் ஒரே ஒரு சீசன் ஆடியது; வங்கி உத்தரவாதத் தகராறில் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பி.சி.சி.ஐ. அதன் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு மலையாளி ரசிகருக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது ஆள்தான். 2013-இல் ராஜஸ்தானில் அறிமுகமாகி, இடையில் இரண்டு ஆண்டு டெல்லிக்கு ஆடி, 2018-இல் 8 கோடிக்குத் திரும்பி, 2021-இல் கேப்டனாகி, மறு ஆண்டே அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோன திருவனந்தபுரத்துக்காரர் சஞ்சு. அவர் எங்கே போகிறாரோ அங்கே கேரளத்து ஆதரவில் பெரும்பங்கு போகும். தமிழ் ரசிகரின் கணக்கு தலைகீழ்: மஞ்சள் சட்டை முதலில், ஆள் அப்புறம். ஆனால் அந்தக் கணக்கிலும் சிலருக்கு விலக்கு உண்டு. தோனிக்கு உண்டு. ஜடேஜாவுக்கும் இருந்தது.

ஜடேஜாவைக் கொடுத்தது ஏன் இவ்வளவு வலித்தது என்பதற்கு 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளே போதும். அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராக இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீசிய பந்துகளில் ஒன்றை சிக்ஸருக்கும் அடுத்ததை பவுண்டரிக்கும் அனுப்பி, சென்னைக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர். 'ஜட்டுவைப் போய் கொடுக்கலாமா' என்ற கேள்விக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடமும் பதில் இருந்தது. 2025-இல் சென்னை 14 ஆட்டத்தில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அப்போது தோனிக்கு 44 வயது. ஜடேஜா 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். சஞ்சுவுக்கு 31, கீப்பிங் செய்வார், முதலில் இறங்கி அடிப்பார், கேப்டன் பொறுப்பும் பழக்கம். சண்டை உண்மையில் முற்றியது மூன்றாவது பெயரில்தான்: ஒருவருக்குப் பதில் இருவரா, கரனை எதற்குச் சேர்த்துக் கொடுத்தார்கள்?

பணக் கணக்கில்தான் ரசிகர் வாதம் அடிக்கடி தடம் புரள்கிறது. சஞ்சு தன் பழைய 18 கோடியோடு வந்தார். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. அந்த 4 கோடி சென்னைக்கு மிச்சம் என்று பலர் அடித்துப் பேசினார்கள். அது ராஜஸ்தானின் கணக்கில் நின்ற மிச்சம். சென்னையைப் பொறுத்தவரை 18 போய் 18 வந்தது. இந்த மாற்றத்தால் அதற்கு விடுபட்டது கரனின் 2.40 கோடி மட்டுமே. அடுத்து வந்த டிசம்பர் ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடியோடு போக முடிந்ததற்குப் பெரிய காரணங்கள் வேறு: 13 கோடி பதிரனாவை விடுவித்தது, 9.75 கோடி அஸ்வின் ஐ.பி.எல்.-இலிருந்து ஓய்வு பெற்றது, 6.25 கோடி கான்வேயை அனுப்பியது.

ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் புதிய இடம் இல்லை. 2008-இல் ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற அந்த அணியில் அவர் இருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்பதற்காக 2010 சீசன் முழுவதும் ஆடத் தடை வாங்கினார். பிறகு கொச்சி அணி. அது கலைந்ததும் 2012 ஏலம். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அன்றைய உச்சவரம்பான 20 லட்சம் டாலரில் முட்டிக்கொண்டு நிற்க, இரு அணிகளும் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுத்து, சென்னை அவரை எடுத்தது. விதிகளை ஓரம் வரை உரசிப் பார்த்த இவரைப் போல் இன்னொரு இந்திய வீரரைக் காட்டுவது கடினம்.

விதிகள் சிக்கலானவை அல்ல. சீசன் முடிந்து ஒரு வாரத்தில் டிரேடுக்கான காலம் திறக்கும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறக்கும். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் எட்டுப் பேர். வீரரின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் குளிர்காலம் முழுக்க இதே மாதிரி டிரேடு பேசியே பொழுதைக் கழிப்பவர்கள். ஆனால் அங்கே வீரரைக் கேட்காமலே மாற்றுவது நெடுங்கால வழக்கம். 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி தன்னை பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்த கர்ட் ஃபிளட், வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1972-இல் தோற்றார். அங்கே ஒப்பந்தங்களும் நீளம். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓடானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு போட்டது பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 68 கோடியைப் பிற்பாடு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்திவைத்தார். ஐ.பி.எல்.-இல் ரசிகர்கள் சொல்லும் 18 கோடி, 14 கோடி எல்லாம் ஒரே சீசனுக்கான சம்பளம்.

தமிழ்நாட்டில் யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்ற பேச்சு ஆட்டத்தோடு நிற்பதில்லை. ஈழத் தமிழர் பிரச்சினையில் போராட்டங்கள் நடந்த 2013 மார்ச்சில், முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து, இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடுவதில்லை என்று முடிவானது. சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகர சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. 2022-இல் மஹீஷ் தீக்ஷணவை 70 லட்சத்துக்கு எடுத்தபோது அணியைப் புறக்கணிக்கச் சொல்லும் குரல்கள் மறுபடி எழுந்தன. 2023 ஏப்ரலில் தர்மபுரி பா.ம.க. உறுப்பினர் எஸ்.பி. வெங்கடேஸ்வரன், தமிழக வீரர்களை எடுக்காத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று சட்டமன்றத்திலேயே பேசினார். கோரிக்கை அதிகப்படி, ஆதங்கம் அப்படியல்ல. தினேஷ் கார்த்திக் 2008 முதல் ஆறு அணிகளுக்கு ஆடினார், சென்னைக்கு மட்டும் ஆடவே இல்லை. வருண் சக்ரவர்த்தி கொல்கத்தாவில். 2025-இல் 759 ரன் குவித்துப் போட்டியிலேயே முதலிடம் பிடித்த சாய் சுதர்சன் குஜராத்தில். கேரளத்து வீரருக்கு மஞ்சள் சட்டை கிடைத்தபோது, 'நம்ம பசங்களுக்கு எப்போ?' என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலம் விவாதத்துக்கு இன்னும் தீனி போட்டது. இந்தியாவுக்கு ஆடாத இருவருக்கு, விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும் இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்கும், சென்னை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தது. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியருக்கு இதற்கு முன் எந்த அணியும் இவ்வளவு கொடுத்ததில்லை. அனுபவத்தை நம்பிய அணி என்று பெயரெடுத்த சென்னை, 14 கோடிச் சம்பளத்துக்குப் போன ஜடேஜாவின் இடத்தில் அதைவிட 20 லட்சம் கூடுதலாகக் கொடுத்து இருபது வயதுப் பிரசாந்த் வீரை வைத்தது துணிச்சல்தான். பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்ததைப் பார்த்தால், அவரை விடுவித்த முடிவு அவசரப்பட்டதாகவே தெரிகிறது.

2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தோடு தொடங்கிய மூன்றாண்டுச் சுற்று 2027 சீசனோடு முடிகிறது. அதன்பின் அணிகள் தக்கவைக்கும் சிலரைத் தவிர மற்ற எல்லாரும் பெரிய ஏலத்துக்கு வருவார்கள்.